வாம்பைர்: மருந்து கொடுத்தவனையே கடிக்கத் தூண்டும் ஆட்டம்

1918-ன் லண்டன், ஸ்பானிஷ் ஃப்ளூ ஊரையே வாரிக்கொண்டு போகிறது. போர்முனையிலிருந்து திரும்பிய டாக்டர் ஜோனதன் ரீட் ரத்தக்காட்டேரி ஆகிவிடுகிறார். டோன்ட்நாட் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட இந்த ஆர்பிஜியில் (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேமில்) நல்லவனா கெட்டவனா என்று அளக்கும் மீட்டர் கிடையாது. அந்த வேலையை எக்ஸ்பி, அதாவது பாத்திரத்தின் திறனை வளர்க்கும் அனுபவப் புள்ளிகள், செய்கிறது.

தெருவில் வரும் எதிரிகளைக் கொன்றால் சொற்ப எக்ஸ்பிதான் கிடைக்கும். பெயருள்ள ஒரு குடிமகனைக் கடித்துக் கொன்றாலோ ஆயிரக்கணக்கில் கொட்டும். அதிலும் அவரிடம் பேசி ரகசியங்களைத் தெரிந்துகொண்டு, நோயையும் குணப்படுத்தியிருந்தால் ரத்தத்தின் மதிப்பு ஏறும். சளிக்கு மருந்து கொடுத்துவிட்டு மெனுவைத் திறந்தால், அவர் படத்தோடு இருக்கும் எண் கூடியிருக்கும். அக்கறை காட்டக் காட்ட ஆசையும் வளர்கிறது. இவ்வளவு கூர்மையான வடிவமைப்பு இந்த வகை ஆட்டங்களில் அபூர்வம். கடித்த கணத்தில் அவருடைய கடைசி நினைவு குரலாக ஒலிக்கும். அதற்குப் பிறகு எண்ணைப் பார்க்கவே கை கூசும்.

விலை அதோடு முடிவதில்லை. வியாபாரியைக் கடித்தால் கடை போச்சு. இன்னொருவரைப் பற்றி அவரிடம் கேட்டறிய வேண்டிய துப்பும் போச்சு. கொலைகள் கூடினால் அந்தப் பேட்டையின் நலம் சரிந்து, கடைசியில் பேட்டையே மொத்தமாகக் கைவிட்டுப் போகும். சேர்த்த எக்ஸ்பியைச் செலவழிக்கப் படுக்கையில் தூங்கியாக வேண்டும். தூங்கி எழும்போது ஊரில் நோய் பரவியிருக்கும். அதனால் படுக்கும் முன் மறைவிடத்து மேசையில் மருந்து தயாரித்து, நான்கு பேட்டைகளையும் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். உரையாடலில் அவசரம் வேண்டாம், தவறான பதிலைத் தேர்ந்தால் சில துப்புகள் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஆட்டம் தானாகவே பதிவுசெய்துகொள்ளும் ஆட்டோசேவ் மட்டும்தான் என்பதால் பழைய சேவுக்குத் திரும்பவும் வழியில்லை. இந்தக் கறார்தான் ஆட்டத்தின் முதுகெலும்பு.

சறுக்குவது பேட்டைத் தூண்களான பெரிய மனிதர்களின் விஷயத்தில். வொயிட்சாப்பல் ஏழைகளுக்குத் திருட்டு மருந்தால் வைத்தியம் பார்க்கும் நர்ஸ் டோரதி கிரேனை மயக்கி நினைவை அழிப்பது இருப்பதிலேயே சாதுவான வழி போலத் தெரியும். அதைத் தேர்ந்தால் கிரேன் நிலைகுலைந்துபோவார், பேட்டையும் அடி வாங்கும். முன்கூட்டி ஒரு ஜாடைகூட இல்லை. சாதாரணக் குடிமக்கள் விஷயத்தில் விளைவை ஊகிக்க விட்ட ஆட்டம், இங்கே மட்டும் கண்ணைக் கட்டிவிடுவது அநியாயம்.

கதைக்கு நான்கு முடிவுகள் உண்டு. ஆகச் சிறந்தது ஒரு குடிமகனையும் கடிக்காதவருக்கே. அப்படி ஆடினால் லெவல் பின்தங்கும், பாஸ் (பெரிய எதிரி) சண்டைகள் நீளும். ஆயுதங்களை மேம்படுத்தாமல் தாக்குப்பிடிக்க முடியாது. சண்டையில் எதிரியை நிலைகுலைத்துக் கடிப்பது அந்தக் கணக்கில் சேராது, தாராளமாகக் கடிக்கலாம். கதை மட்டும் போதும் என்பவர்களுக்குப் பின்னால் வந்த இலவச அப்டேட்டில் எளிய ஸ்டோரி மோட் இருக்கிறது. ஆனால் முதல்முறை ஆடுபவர்கள் நார்மலிலேயே ஆடுங்கள்: சண்டை சுலபமாகிவிட்டால் கடிக்கவேண்டிய தேவையும் போய்விடும்.