ஒட்டுச் செண்பகக் கன்று: 300 ரூபாய் கொடுத்து உப்புக்காற்றில் வைக்கலாமா?

இராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம் பக்கத்து நர்சரிகளிலும் ஊருக்குள் வரும் செடி வேன்களிலும் இப்போது ஒட்டுச் செண்பகம் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டரை அடி உயரம், கறுப்புப் பை, விலை 300 ரூபாய்க்கு முன்பின். "எந்த மண்ணுலயும் வந்துரும்ணே" என்று சொல்லித்தான் தருகிறார்கள். அது சரியல்ல. செண்பகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். ஈரம் வேண்டும், ஆனால் வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நம் கரையில் அதைக் கொல்வது வெயில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கொல்வது தண்ணீரில் இருக்கும் உப்பும் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பும்.

ஒட்டு என்ற அளவில் கன்றுக்குக் குறை சொல்ல முடியாது. விதைக்கன்று பூக்க எட்டுப் பத்து வருஷம் ஆகும். ஒட்டு இரண்டு வருஷத்துக்குள் மொட்டு வைத்துவிடும், மரமும் கைக்கெட்டும் உயரத்தில் அடங்கும். ஆனால் வாங்கும் இடத்திலேயே குனிந்து பாருங்கள். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடாவை அவிழ்க்காமலே விற்கிறார்கள். தண்டு பருக்கப் பருக்க நாடா பட்டைக்குள் இறங்கி, மேலே குண்டாகவும் கீழே ஒல்லியாகவும் ஒரு இடுப்பு விழுந்திருக்கும். அப்படிப்பட்ட கன்று முதல் பலத்த காற்றிலேயே அந்த இடத்தில் முறியும். லேசாக அழுந்தியிருந்தால் பிளேடால் நெடுக்காக ஒரு கீறல் போட்டு நாடாவை உரித்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்திருந்தால் நகத்தளவில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அதுவே மரமாகி, ஒட்டுக்கிளை பட்டுப்போகும். பூவோடு நிற்கும் கன்றைத் தேடி எடுக்க வேண்டாம்; பைக்குள் வேர் சுருண்டு கிடக்கும் கன்றும் பூக்கும்.

நடும் காலம் ஐப்பசி. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இந்தக் கரையில் செண்பகத்துக்குப் பொருந்தாது. ஆடியில் இங்கே மழை இல்லை, தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுதான் உண்டு. புதுக்கன்று அந்தக் காற்றில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்.

இராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் இரண்டு அடி தோண்டினாலே பவளக்கல்லும் கிளிஞ்சலும் வரும். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக்கோடாகத் தெரிந்தால் நோய் இதுதான். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, சாயங்காலம் இலை நனையத் தெளித்து, பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை தெளித்தால் பச்சை திரும்பும். அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும், காசுதான் வீண்.

இதற்குக் குழியைவிட உறை நல்லது. கிணற்றுக்கு இறக்கும் மூன்றடி சிமெண்ட் உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரைமேல் வைத்து, மூன்று பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மட்கிய சாணி எரு, இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்ப வேண்டும். கடல் மணல் சேர்க்கவே கூடாது. புது உறையிலும் சுண்ணாம்பு கசியும். நிரப்பும் முன் ஒரு வாரம் தினமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். செண்பக வேர் சதைப்பற்றானது, எளிதில் ஒடியும். பையைப் பிடித்து இழுக்காமல் அறுத்தே எடுக்க வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேல் நான்கு விரற்கடை நிற்கட்டும்.

தண்ணீரில்தான் பலர் தோற்கிறார்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனியிலிருந்து ஓரம் கருகிக்கொண்டே வரும். 'தண்ணி பத்தல' என்று மேலும் அதையே ஊற்றினால் முடிந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 500க்குள் இருந்தால் பயமில்லை, 1000 தாண்டினால் ஊற்றவே வேண்டாம். ஊரணித் தண்ணீர், காவிரிக் குழாய்த் தண்ணீர், அரிசி களைந்த நீர் மூன்றும் ஒத்துக்கொள்ளும். முதல் வருஷக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு குடம். வேரடியைத் தென்னை மட்டையால் மூடிவிட்டால் ஒரு குடம் போதும்.

வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பக்கம், கன்றிலிருந்து மூன்றடி தள்ளி, பனையோலைத் தட்டி கட்ட வேண்டும். கடல் தெரியும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் காலையில் இலையை நல்ல தண்ணீரால் அலசிவிடுவதும் அவசியம். பூச்சித் தொல்லை அவ்வளவு இல்லை. இலை தின்னும் பச்சைப் புழு பெரும்பாலும் பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. பத்து இலை போனாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மருந்தடிக்காதீர்கள்.

நல்ல தண்ணீருக்கும் செம்மண்ணுக்கும் வழியிருக்கிறவர்களுக்கு இந்தக் கன்று 300 ரூபாய்க்கு மேலேயே பெறும். உப்பு போர் மட்டும்தான் என்றால் செண்பகத்தைத் தொடாதீர்கள். அதே கடையில் புன்னைக் கன்று கேளுங்கள். அதுவும் இலை உதிர்க்காது, வெள்ளைப் பூ மணக்கும், உப்புக்காற்றில் தட்டி இல்லாமலே நிற்கும்.