ஜெலட்டின் இல்லாத சீஸ்கேக்: கிரீமா, வெள்ளைச் சாக்லேட்டா, அகர் அகரா?

ஓவனில் வைக்காத சீஸ்கேக்கில் ஜெலட்டின் வேண்டாம் என்றதும் எல்லோருடைய கையும் அகர் அகர் பாக்கெட்டைத்தான் தேடும். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. அகர் அகர் கடற்பாசியிலிருந்து எடுப்பது. சைவம் என்ற வகையில் சரிதான். ஆனால் ஜெலட்டின் போட்ட அதே அளவில் அதைப் போட்டால் கிடைப்பது சீஸ்கேக் இல்லை, சீஸ் சுவையில் ஒரு ஜெல்லி. கொழுப்பு நிறைந்த க்ரீம் சீஸ் கையில் இருந்தால், பெரும்பாலான நேரம் கேக்கை நிறுத்த அந்தக் கொழுப்பே போதும்.

எல்லா வழிக்கும் அடித்தளம் ஒன்றுதான். அடி கழலும் 20 செ.மீ. டின். 200 கிராம் பிஸ்கட் தூளில் 90 கிராம் உருக்கிய வெண்ணெய் கலந்து, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மேலே 400 கிராம் க்ரீம் சீஸ். கட்டியாக வரும் முழுக்கொழுப்பு வகைதான் வேண்டும். ரொட்டியில் தடவும் டப்பா வகையில் தண்ணீர் கூடுதல், அதை வாங்கிவிட்டுச் செய்முறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிரீம் மட்டும்

400 கிராம் க்ரீம் சீஸ், 250 மி.லி. விப்பிங் கிரீம் (கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாமல்), 90 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சீஸ் அறைச் சூட்டில் இருக்க வேண்டும், கிரீம் சில்லென்று இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று கட்டி தட்டும், மற்றொன்று நுரைக்கவே நுரைக்காது.

சீஸையும் சர்க்கரையையும் குழைத்து, சாற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீமைத் தனியாக, கரண்டியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்கும் பதத்துக்கு அடியுங்கள். அதைத் தாண்டினால் மஞ்சளாகத் துணுக்குகள் தெரியும். அது வெண்ணெய் பிரிகிற அறிகுறி. பிறகு இரண்டையும் மடித்துக் கலக்க வேண்டியதுதான். கலந்ததை ஒரு ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் எட்டு மணி நேரத்தில் கேக் தயார். வழிந்தால், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தாலும் கத்திக்கு நிற்காது. கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றிப் பரிமாறிவிடுவது புத்திசாலித்தனம்.

வாயில் கரையும் விதத்தில் இதற்கு ஈடு இல்லை. பலவீனம் ஒன்றே ஒன்று: வெக்கையான அறையில் அரை மணி நேரம் வைத்தால் ஓரம் தளர்ந்துவிடும்.

வெள்ளைச் சாக்லேட்

கிரீமை 200 மி.லி.யாகவும் சர்க்கரையை 25 கிராமாகவும் குறைத்து, 200 கிராம் வெள்ளைச் சாக்லேட்டை உருக்கிச் சேர்ப்பது இந்த வழி. கோகோ பட்டர் குளிரில் இறுகும், 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். அதனால்தான் துண்டு கூர்மையாக நிற்கிறது, ஆனாலும் நாக்கில் பட்டதும் இளகுகிறது. பாக்கெட்டில் கோகோ பட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். வேறு தாவரக் கொழுப்பில் செய்த வகையும் இறுகும், ஆனால் மெழுகு மாதிரி வாயில் படியும்.

தவறுவது ஒரே இடத்தில்தான். சில்லென்ற சீஸில் சாக்லேட் விழுந்தால் அந்த நொடியே உறைந்து, பல்லில் படும் துணுக்குகளாகிவிடும். உருக்கிய சாக்லேட்டைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அறைச் சூட்டில் உள்ள சீஸில் மெல்லிய தாரையாக, அடித்துக்கொண்டே ஊற்றுங்கள். கிரீம் கடைசியில். முதல் தடவை செய்பவருக்கு நாங்கள் சொல்வது இந்த வழியைத்தான். இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் எலுமிச்சையை மட்டும் இரட்டிப்பாக்குங்கள்.

அகர் அகர்

கேக் வெளியில் வெகுநேரம் இருக்க வேண்டுமா, அப்போதுதான் இது. ஒருமுறை இறுகிய அகர் 85 டிகிரி வரை உருகாது. அதே குணம்தான் குறையும்: வாய்ச் சூட்டில் கரையாமல் பற்களுக்கிடையே உடையும். கூடிப் போனால் வெட்டிய முகம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும்.

அளவு: 400 கிராம் சீஸ், 200 மி.லி. கிரீம், 100 கிராம் சர்க்கரை, 150 மி.லி. தண்ணீர், 3 கிராம் அகர் தூள். தராசில் எடையுங்கள், இழையும் தூளும் ஸ்பூனில் ஒரே எடை வராது. தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, பிறகு சிறு தீயில் மூன்று நிமிடம். வெறுமனே சூடாக்கினால் கரையாது. எலுமிச்சையைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பிடிமானம் குறையும், சாறு கடைசியில். ஒரு ஸ்பூனைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள், சில நிமிடத்தில் இறுகினால் சரி.

இனிதான் கண்டம். அகர் 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் இறுகத் தொடங்கும், ஃப்ரிட்ஜ் வரை காத்திருக்காது. ஆகவே சீஸ், சர்க்கரை, கிரீம் மூன்றையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளஞ்சூடாக்குங்கள். இங்கே கிரீமை நுரைக்க அடிக்காதீர்கள். குளிர்ந்த நுரை பட்டால் அகர் இழை இழையாகத் திரளும். சூடான அகரில் நாலு கரண்டி சீஸ் கலவையை விட்டுக் கலக்கி, அதை மொத்தத்தில் சேர்த்து, உடனே டின்னில் ஊற்ற வேண்டும். மணல் மணலாகிவிட்டால் லேசாகச் சூடுகாட்டிச் சரிசெய்ய முடியாது. வடிகட்டினால் மணலோடு பிடிமானமும் போய்விடும்.

அன்னாசி, கிவி, பப்பாளி விஷயத்தில் மட்டும் அகர் ஜெலட்டினைவிட மேல். இவற்றின் நொதிகள் ஜெலட்டினைக் குலைக்கும், அகரை ஒன்றும் செய்யாது. ஆனால் பச்சையாகச் சீஸில் கலந்தால் பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும். பழத்தைக் கொதிக்கவைத்துச் சேர்க்க வேண்டும்.

எலுமிச்சையும் கண்டென்ஸ்டு மில்க்கும் நான்காவது வழி. 400 கிராம் சீஸ், 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 80 மி.லி. சாறு. புளிப்பில் பால் புரதம் திரண்டு நிமிடங்களில் கெட்டிப்படும். கிரீமே வேண்டாம். துண்டு போட வராது, கிண்ணத்துக்கு அருமை.

எந்த வழியானாலும் லேபிளைப் பாருங்கள். கொழுப்பு குறைந்த சில தயிர், மார்ஷ்மெல்லோ, மேலே ஊற்றும் ஜெல்லி பாக்கெட் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். சில சீஸில் விலங்கு ரென்னெட்டும் (கன்றின் வயிற்றிலிருந்து எடுத்து, பாலைத் திரிக்கப் போடும் நொதி) இருக்கலாம். மீந்ததைக் கிரீம், சாக்லேட் வகைகளில் ஃப்ரீசரில் வைக்கலாம், இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இளகவிட்டால் போதும். அகர் போட்டதை வைக்காதீர்கள். இளகும்போது தண்ணீர் பிரிந்து பிஸ்கட் ஊறிவிடும்.