280 ரேண்ட் டப்பா, என் கொரோலா, ஒரே ஒரு காயில்

போன தீபாவளிக்கு முந்தின வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஹிக்கின்சன் ஹைவே மேட்டில் ஏறும்போது என் வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. நாலு பேர் தூக்கும் சப்பரத்தில் ஒருத்தன் மட்டும் தோளை எடுத்துவிட்டால் எப்படி ஆடும், அப்படி ஒரு ஆட்டம். ரோபோவில் நின்றால் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர், வந்த புதிதில் நானும் சிரித்தேன்) ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது, டேஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், மின்னினால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும், அதுதான் காரணம்.

வண்டி 2014 கொரோலா குவெஸ்ட், 1.6 எஞ்சின், 1,60,000 கிலோமீட்டர் தாண்டியது. இதே டர்பனில், புராஸ்பெக்டன் ஆலையில் செய்த வண்டி. பெரிதாகத் தொந்தரவு கொடுத்ததில்லை.

தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். மெஷின் போட்டுப் பார்க்க 650 ரேண்ட் வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு தாள் வந்தது: நாலு இக்னிஷன் காயில் (பிளக்குக்குப் பொறி கொடுப்பது), நாலு பிளக், இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பது) சர்வீஸ், அதோடு கன்வெர்ட்டரும் "போயிருக்கும்". மொத்தம் 14,600 ரேண்ட். என்ன கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண்) வந்தது என்று கேட்டேன். "அது சொன்னாலும் உங்களுக்குப் புரியாது" என்றார் கவுண்டரில் இருந்தவர். புரியாதுதான், ஆனால் 650 ரேண்ட் கொடுத்தது அந்த ஒரு எண்ணுக்குத்தானே?

பக்கத்து வீட்டு அங்கிள் புராஸ்பெக்டன் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய தமிழ் பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ், பாதிக்கு மேல் இங்கிலீஷ் கலக்கும், ஆனால் திட்டும்போது மட்டும் சுத்தத் தமிழ். தாளைப் பார்த்தார், இரண்டு வரி திட்டினார், அப்புறம் சொன்னார்: "தம்பி, டோன்ட் பே ஃபர்ஸ்ட். கோடு என்னன்னு நீயே பாரு. சின்ன டப்பா ஒண்ணு விக்குது, வாங்கு."

அந்தச் சின்ன டப்பாவைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஈஎல்எம்327 என்று எழுதிய ப்ளூடூத் ஓபிடி2 ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள கோடைப் போனில் காட்டும் கருவி. டேக்அலாட் என்ற ஆன்லைன் கடையில் 280 ரேண்ட், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, நீலக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அட்டையில் 1.5 பதிப்பு என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள். தேடிப் படித்ததில் தெரிந்தது, ஈஎல்எம்327 என்பது கனடாவின் ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் செய்த சிப். முதல் பதிப்பில் நகலெடுக்காமல் இருக்கப் பூட்டு போடாமல் விட்டதால் ஊரெல்லாம் நகல் வந்துவிட்டது, அந்த 1.5 என்ற எண்ணே நகல்காரர்கள் வைத்ததுதான். ஆக, ஏமாற்றுகிற மெக்கானிக்கைப் பிடிக்க நான் வாங்கியதே ஒரு டூப்ளிகேட். சரி, போகட்டும்.

மாட்டுவது சுலபம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் குனிந்து பார்த்தால் 16 ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதில் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். போனோடு இணைப்பதுதான் முதல் நாள் உயிரை வாங்கியது. ப்ளூடூத் செட்டிங்கில் 1234 போட்டு ஜோடி சேர்த்த பிறகு, ஆப்புக்குள்ளே போய் எந்த டப்பா என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இதை அட்டையில் எங்கேயும் சொல்லவில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: இந்த வகைப் பழைய ப்ளூடூத் டப்பா ஐபோன் கண்ணுக்கே தெரியாது, வைஃபை உள்ளதோ, ப்ளூடூத் எல்இ உள்ளதோ பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் மனைவியின் போனில் முயன்று ஒரு மணி நேரம் வீணாக்கிய பிறகு எனக்கு வந்த ஞானம் இது. ஆப்புக்கு நான் கார் ஸ்கேனர் போட்டேன், டார்க் லைட்டும் நன்றாகவே வேலை செய்தது, இரண்டும் சும்மா கிடைத்தன.

கோடு வந்தது. பி0301. ஒரே ஒரு கோடு.

"சொன்னாலும் புரியாது" என்றாரே, இதில் புரிய என்ன இருக்கிறது? பி என்றால் எஞ்சின், கியர் சமாச்சாரம். 03 என்றால் இக்னிஷன், மிஸ்ஃபயர் வகை. கடைசி எண் சிலிண்டர். ஒன்றாம் சிலிண்டர் எரியவில்லை, அவ்வளவுதான். கன்வெர்ட்டரைப் பற்றி ஒரு கோடும் இல்லை. அது சரியாக வேலை செய்யவில்லை என்றால் வருவது பி0420. இன்ஜெக்டர் கரண்ட் பற்றியும் ஒன்றும் இல்லை.

ஆனால் கவனம், கோடு எந்தப் பார்ட் போயிற்று என்று சொல்வதில்லை, எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். அங்கிள் சொன்ன வழி இதற்கு ஒரு பைசா செலவில்லாதது. எஞ்சின் ஆறிய பிறகு மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் நாலு காயிலும் வரிசையாகத் தெரியும். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள இந்தக் கொரோலாவில் டிரைவர் பக்கம், செயின் இருக்கும் ஓரத்தில் உள்ளது ஒன்றாம் நம்பர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் கிளிப், ஒரு 10 எம்எம் போல்ட். ஒன்றாம் காயிலை இரண்டாவது இடத்திலும் இரண்டாவதை ஒன்றாம் இடத்திலும் மாற்றி மாட்டிவிட்டு, ஆப்பில் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு மறுபடி பி0301 என்றே வந்தால் தப்பு அந்தச் சிலிண்டரில். பி0302 என்று இடம் மாறி வந்தால் தப்பு காயிலில், அது போன இடத்துக்கு நோயையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

கிளிப்பைக் கழற்றும்போது ஒரு விஷயம். பத்து வருஷ எஞ்சின் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். முதலில் உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளி, நாக்கை அழுத்தி, அப்புறம் இழு என்றார் அங்கிள். நான் நேராக இழுத்தேன். டப் என்று உடைந்தது. இன்றைக்கும் அந்த ஒரு கிளிப்பைக் கேபிள் டைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சின்ன ரவுண்டு போதும், மெதுவாகப் போ என்று அவர் சொல்ல, தெருவைச் சுற்றி வந்தோம். கோயில் திருப்பம் வருவதற்குள் விளக்கு மின்னியது. பி0302. அங்கிள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்புக்கே 280 ரேண்ட் தகும்.

உம்கேனி ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு காயில் 780 ரேண்ட். மாட்டக் கால் மணி நேரம். ஆக மொத்தம் 1,060 ரேண்ட், ஒர்க்ஷாப்பில் கோடு பார்க்கக் கொடுத்த 650 தனி. அது ஃபீஸ் என்று வைத்துக்கொண்டேன். எட்டு மாதமாக வண்டி ஒழுங்காக ஓடுகிறது, "போயிருக்கும்" என்ற கன்வெர்ட்டர் உட்பட.

இப்போது குறைகள். ப்ளூடூத் அடிக்கடி அறுந்து போகிறது. ஓடும்போது வரும் எண்கள் ஒரு விநாடி, இரண்டு விநாடி தாமதித்தே மாறும், பொறுமை வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் பக்கமெல்லாம் இது எட்டிக்கூடப் பார்க்காது. பிரேக் கீச்சுகிறதா, சஸ்பென்ஷனில் கடகடவா, அதற்கும் இது உதவாது, காதுதான் உதவும். முக்கியமாக, வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். அந்தச் சாக்கெட்டில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியபோது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, இந்தத் தீப்பெட்டி பேட்டரியைக் குடித்து வைத்திருந்தது.

கோடைப் பார்த்ததும் பார்ட் வாங்க ஓடுவதும் தப்பு. கூட வேலை பார்க்கும் ஒருத்தர் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார், கோடு போகவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு ரப்பர் வேக்கம் ஹோஸில் விரிசல், காற்று உள்ளே கசிந்துகொண்டிருந்தது. சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

எனக்கு அதிகம் பயன்பட்டது கோடு கூட இல்லை, வோல்டேஜ் எண்தான். எதிர்வீட்டுத் தம்பியின் பக்கி (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர், ஊரில் அம்மாவிடம் போனில் "பக்கி வாங்கப் போகிறான்" என்று சொன்னபோது யாரை வைகிறாய் என்று கேட்டார்) காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறியது, ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டப்பாவை மாட்டினேன். எஞ்சின் ஓடும்போது 14.1 காட்டியது. 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். பானெட்டைத் திறந்தால் பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது, டர்பன் கடல் காற்றில் எதுதான் பூக்காது. நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கினோம். செலவு ஒரு ஸ்பூன் சோடா.

இன்னொன்று, பழைய வண்டி வாங்கப் போகும்போது இதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். விற்கிறவர் காலையில்தான் கோடை அழித்திருந்தால் விளக்கு எரியாது, ஆனால் ஆப்பில் ரெடினெஸ் என்ற இடத்தில், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பாதி "முடியவில்லை" என்று நிற்கும். அண்மையில் பேட்டரி கழற்றியிருந்தாலும் அப்படி வரும், அதனால் உடனே சண்டைக்குப் போகாமல் ஏன் என்று கேளுங்கள்.

மெக்கானிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஏர்பேக், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவது, இதிலெல்லாம் நான் கை வைப்பதில்லை. ஆனால் கொடுக்கும்போது சட்டத்தைத் தெரிந்துகொண்டு கொடுக்கிறேன். இங்குள்ள 2008-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி கழற்றிய பழைய பார்ட்ஸை, நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, ஓரளவு சுத்தமான பையிலோ டப்பாவிலோ போட்டு நம்மிடம் திருப்பித் தர வேண்டும். 57-ஆம் பிரிவுப்படி மாட்டிய புதுப் பார்ட்டுக்கும் கூலிக்கும் குறைந்தது 3 மாதம் உத்தரவாதம். முன்பு வேறோர் இடத்தில் பிரேக் பேட் மாற்றி, பழையதைக் கேட்டபோது "குப்பையில் போட்டாச்சு" என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது வண்டியை விடும்போதே வேலைத் தாளில் "பழைய பார்ட்ஸ் வேண்டும்" என்று எழுதிவிடுகிறேன், கூடவே கோடு எண்ணையும். விலை சொல்பவர்களின் குரலே மாறுகிறது. வாரண்டி இருக்கும் புது வண்டிக்காரர்களுக்கும் 2021 ஜூலையில் இருந்து போட்டி ஆணையத்தின் (வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் அரசு அமைப்பு) வழிகாட்டுதல் இருக்கிறது, வெளியே சர்வீஸ் செய்தாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்வதை அது ஏற்பதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் ப்ளூடூத்துக்கும், ஒன்று அந்தப் பேட்டரிக்கும் குறைத்தது. நீண்ட நாள் பயன்பாடு எப்படி என்று கேட்டால் உடனே சொல்ல முடியாது, டப்பா மூன்று வாரமாக அங்கிளிடம் இருக்கிறது. மருமகனுக்குப் பழைய வண்டி பார்க்க வேண்டும் என்று வாங்கிப் போனார், இதுவரை நாலு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.