மெனிண்டியா, மவுண்ட் ஹோப்லெஸ்ஸா?

1861 ஏப்ரல் 21 மாலை. ஆஸ்திரேலியாவின் வட கடலோரம் வரை போய்விட்டு ஆய்வுப் பயணிகளான பர்க், வில்ஸ், கிங் மூவரும் கூப்பர் கிரீக் முகாமுக்குத் திரும்பினார்கள். காத்திருந்த குழு அன்று காலைதான் கிளம்பியிருந்தது. மரத்தடியில் கொஞ்சம் உணவு புதைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி எந்த வழி? நில அளவையாளரான வில்ஸ், வந்த தடத்திலேயே, வழியில் விட்டு வந்த குடியிருப்பான மெனிண்டிக்குத் திரும்பலாம் என்றார். சுமார் 640 கிலோமீட்டர். தூரம்தான், ஆனால் நீர்நிலைகள் அவரே குறித்து வைத்தவை. தலைவர் பர்க் தேர்ந்தெடுத்தது, கால்நடைப் பண்ணை இருந்த மவுண்ட் ஹோப்லெஸ் பக்கம். சுமார் 240 கிலோமீட்டர்தான். வழியில் தண்ணீர் உண்டா என்பது மூவருக்கும் தெரியாது. (ஹோப்லெஸ் என்றால் நம்பிக்கையற்றது. பெயரே எச்சரித்தது!)

வரைபடத்தில் பர்க்கின் கணக்கு சரி. ஆனால் பாலைவனத்தில் தூரத்தைவிடத் தண்ணீர்தான் கணக்கு. அவர்களிடம் எஞ்சியிருந்த இரண்டு ஒட்டகங்களும் செத்தன, தண்ணீர் கிடைக்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. மெனிண்டி தடத்தில் போயிருந்தால்? முன்னே சென்ற குழுவின் பிராகி, மெனிண்டியிலிருந்து உணவுடன் வந்த குழுவின் தலைவர் ரைட்டை வழியில் சந்தித்து, மே 8 அன்று அவருடன் அதே முகாமுக்குத் திரும்பி வந்து பார்த்தார். வழியிலேயே சந்தித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வில்ஸ் இறந்தபோது வயது 27. அப்பகுதிப் பழங்குடியினரான யாண்ட்ருவாண்டா மக்களின் உதவியால் கிங் மட்டும் பிழைத்தார்.