பத்தமடைப் பாயின் சிவப்பும் செயலியில் சுருங்கும் படமும்

பத்தமடைப் பாயைப் போட்டோ எடுத்து போன் வழியாக விற்பதுதான் சில வருஷமாக நம்ம பிழைப்பு. பட்டுப்பாய் என்றால் கோரை இழை அவ்வளவு மெலிசு, நெசவு அவ்வளவு நெருக்கம். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். அதில்தான் பஞ்சாயத்தும் வரும். "என்ன அண்ணாச்சி, படத்துல அரக்குக் கலரா இருந்துச்சு, வந்தது நல்ல செவப்பால்லா இருக்கு!"

கேமராவில் குறை இல்லை. அசல் படத்தைத் திறந்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். எங்கள் ஆர்டர் செயலி அதைச் சின்னதாக்கும் இடத்தில்தான் சிக்கல்.

சின்னதாக்குவது என்றால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை (பிக்சல்) சராசரி போட்டு ஒன்றாக்குவது. ஆனால் படத்தில் இருக்கும் எண்கள் ஒளியின் நேரடி அளவு அல்ல, காமா வளைவில் ஏற்றி வைத்தவை, அதாவது இருட்டுப் பக்கத்துக்கு அதிக எண்கள் கிடைக்கும்படி வளைத்து எழுதியவை; எண் பாதியானால் ஒளி பாதி ஆகாது, அதைவிடக் குறையும். கறுப்புக் கோடு 0, வெள்ளைக் கோடு 255 என மாறி மாறி வந்தால் செயலி 128 என்று போட்டுவிடும். தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட 188. சாயம் ஏற்றாத கோரையும் சிவப்புக் கோரையும் அடுத்தடுத்து ஓடும் பாயில் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்: மொத்தமும் இருட்டடித்து அரக்காகிவிடும். சிவப்பும் பச்சையும் நெருங்கும் கரையில் அழுக்குக் காப்பிக் கலர் வரும். செயலி செய்து தந்த தம்பி, எண்களை முதலில் ஒளி அளவுக்கு மாற்றி, சுருக்கி, மறுபடி பழைய வளைவுக்கே கொண்டுவரும்படி திருத்தினான். படம் ஏற கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும். அரக்குப் புகார் பாதிக்கு மேல் இதிலேயே நின்றுபோனது.

ஆண்ட்ராய்டில் இன்னொன்று. நினைவகத்தை மிச்சம் பிடிக்க, படத்தை ஆர்ஜிபி 565 முறையில் (சிவப்பு, பச்சை, நீலத்துக்கு முறையே 5, 6, 5 பிட்) திறக்கும்படி வைத்திருந்தார்கள். புள்ளிக்கு 2 பைட்தான், ஆனால் மொத்தமே 65,536 நிறம். பாய்க்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் நிழல் பட்டை பட்டையாக விழும். புள்ளிக்கு 4 பைட் எடுக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் தரும் ஏஆர்ஜிபி 8888 போட்டதும் சுவர் சரியானது.

ஐபோன் கதை வேறு. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் கணக்கு) பதிவாகின்றன. சுருக்கும்போது அந்த நிறக் குறிப்பு கழன்றுவிட்டால், படம் வெளுத்துப்போய்த் தெரியும். குறிப்பை வெட்டும் முன் சாதாரணத் திரைகளின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றினால் போதும்.

அப்புறம் ஜேபெக், படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை. வழக்கமான அமைப்பில் 4 புள்ளிக்கு ஒரே நிறத் தகவல்தான் சேமிக்கிறது, வெளிச்சம் மட்டும் தனித்தனி. முகத்துக்கும் வயலுக்கும் ஒன்றும் தெரியாது. மெல்லிய சிவப்புக் கரைதான் பக்கத்துக் கோரையில் கசியும். பட்டுப்பாய்க்கு மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறத் தகவல் வைக்கும் 4:4:4 அமைப்பு வைத்திருக்கிறோம், கோப்பு பெரிசானாலும். ஒரு முறை சுருக்கியதையே திரும்பச் சுருக்குவதும் கிடையாது, எப்போதும் அசலிலிருந்துதான். வாட்ஸ்ஆப்பில் கேட்பவர்களுக்கு, அது படத்தைச் சுருக்கிவிடாமல் இருக்க, டாக்குமென்டாகப் போய்விடும்.

இன்னும் எப்போதாவது புகார் வரத்தான் செய்கிறது. பார்த்தால் அவர் போன் திரை நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பில் இருக்கும். அதற்குச் செயலி என்ன செய்யும்? அந்த மாதிரி ஆட்களுக்கு ரெண்டு சாயக் கோரையைக் கவரில் போட்டு அனுப்பிவிடுகிறேன்.