கேதார்நாத்: குதிரையா, நடையா?

கேதார்நாத் கோயிலுக்கு மலையேத்தம் தொடங்குற கௌரிகுண்ட்ல இருந்து சுமார் 16 கிமீ ஏத்தம், 2013 வெள்ளத்துக்கு அப்புறம் பாதையும் நீண்டுபோச்சு, அதான் எல்லாரும் குழம்புறாங்க.

செலவு
நடை: டீ, மேகி காசுதான்.
குதிரை: ப்ரீபெய்ட் கவுண்டர்ல சீட்டு வாங்கிடுங்க, வழியில பேரம் வேணாம்.

உடம்பு
குதிரை: சும்மா உக்காந்து போறதுன்னு நினைக்காதீங்க, ஏத்தத்துல முன்னாடி சாயணும் இறக்கத்துல பின்னாடி சாயணும், தொடையும் இடுப்பும் கழண்டுரும் (குதிரைன்னு பேருதான், நெறைய கோவேறு கழுதைங்க).
நடை: கோயில் 3,583 மீட்டர் உயரத்துல இருக்கு, மூச்சு வாங்கும், ஆனா மெதுவா ஏறுனா உடம்பு பழகிக்கும்.

மழை
ரெண்டுமே வழுக்கும்.

முட்டி வலின்னா குதிரை, முதுகு வலின்னா டோலி (ஆளுங்க தோள்ல தூக்கிட்டு போற பல்லக்கு), மத்தவங்க நடங்க. நொண்டுற குதிரைய குடுத்தா ஏறாதீங்க, வேற கேளுங்க.