கால்வினியமா, அர்மீனியமா: எது எந்தப் படியில்?

இரட்சிப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றிய இரண்டு புராட்டஸ்டன்ட் போதனைகள் இவை: கால்வின் வழி வந்தது கால்வினியம், அர்மீனியஸ் வழி வந்தது அர்மீனியம். மனிதன் சொந்த முயற்சியால் இரட்சிப்படைய முடியாது, கிருபைதான் முந்தி வரவேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கிருபையை மறுக்க முடியுமா என்பதில்தான் பிரிகின்றன. முடியும் என்று அர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் எழுதினார்கள். தேவன் தெரிந்துகொண்டவரிடம் அது தோற்காது என்று நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சபைச் சங்கம் (1618-19) தீர்ப்புச் சொன்னது.

கால்வினியம் தருகிற நிச்சயம் பெரிய ஆறுதல். ஆனாலும் எல்லாரும் இரட்சிக்கப்படத் தேவன் விரும்புகிறார் என்ற 1 தீமோத்தேயு 2:4-ஐ அர்மீனியம் இன்னும் இயல்பாக வாசிக்கிறது. என் மனம் அந்தப் பக்கம்தான்.

சரி, இதற்காகச் சபை பிரியலாமா? கூடாது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் விசுவாசம் வீண் என்று பவுல் எழுதினார். முன்குறித்தலைப் பற்றி, அதாவது இரட்சிக்கப்படுவோரைத் தேவன் முன்னமே தெரிந்துகொள்வதைப் பற்றி, அப்படி எழுதவில்லை. உயிர்த்தெழுதலும் திரித்துவமும் முதல் படி, இது இரண்டாவது. இதே விஷயத்தில் கடுமையாக மோதிய இரண்டு ஆங்கிலப் பிரசங்கிகள், கால்வினியப் பக்கம் நின்ற விட்ஃபீல்டும் அர்மீனியப் பக்கம் நின்ற வெஸ்லியும். விட்ஃபீல்டு 1770-இல் இறந்தபோது, அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.